முதல் படியும் என் இதயமும்

மேடையில் நின்று பேசப் பழகியவளுக்கு மேசைமுன் அமர்ந்து எழுதுவது எளிதாக இல்லை. எதிரணி இல்லை, நேரம் முடிந்தது என்று மணியடிக்க ஆள் இல்லை. ஆயினும் எழுதுகிறேன். "உடம்புல ஒண்ணுமில்ல, வெறும் பயம்" என்ற ஒற்றைத் தீர்ப்போடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட இளையோர் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுள் ஒருத்தி வழக்கை மேல்முறையீடு செய்து வென்றாள் என்ற செய்தி மற்றவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

என் பெயர் சுமதி. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருக்கும் சமண நயினார் வீட்டுப் பெண். கல்லூரி விழுப்புரத்தில். காலை வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்புவேன். கல்லூரித் தமிழ் மன்றத்தின் சொற்போர் அணியில் பெண்கள் யாரும் இல்லாதிருந்த காலத்தில் போட்டியிட்டு உள்ளே நுழைந்தவள் நான். யாரும் இரங்கித் தந்த இடமன்று அது.

எங்கள் மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையேறுகிறவர் முதல் படியில் கால் வைப்பதற்கு முன் குனிந்து, அந்தப் படியை வலக்கையால் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அதற்கும் பயிற்சி உண்டு. ஆழமாகக் குனிய வேண்டும். விசையோடு நிமிர வேண்டும். மன்றச் செயலாளர் அன்பழகன், இறுதியாண்டு மாணவர், புதியவர்களை வரிசையில் நிறுத்திக் குனிந்து நிமிரச் சொல்வார். நிமிரும் வேகத்திலேயே பேச்சாளரின் துணிவு அவைக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அணியிலேயே விசையாக நிமிர்கிறவள் நான்தான்.

கல்லூரி ஆண்டு விழாவில் என் பெயரை அழைத்தார்கள். குனிந்தேன், தொட்டேன், நிமிர்ந்தேன். யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல் அந்தக் கணத்தில் நெஞ்சு ஓடத் தொடங்கியது. ஓட்டம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். படியேறி இறங்கினால் மெல்ல மெல்ல ஏறும் துடிப்பு எல்லாருக்கும் தெரியும். இது அப்படி ஏறவில்லை. ஒரு துடிப்பு வரை அமைதி. அடுத்த துடிப்பிலிருந்து தறிகெட்ட வேகம். கழுத்தில் நரம்பு துள்ளுவதைத் தொடாமலே உணர்ந்தேன். தோளில் குத்தியிருந்த தாவணி அதிர்ந்தது. அந்த நிலையிலேயே பேசி முடித்தேன். அன்று என் பேச்சு வழக்கத்தைவிட விறுவிறுப்பாக இருந்தது என்று பாராட்டினார்கள்.

இறங்கி வந்து குளிர்ந்த தண்ணீரை மடமடவெனக் குடித்தபோது, தொடங்கியதுபோலவே சட்டென்று நின்றது. அதன்பின் பலமுறை கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. நாகரிகம் கருதி இதை விட்டுவிடலாம். ஆனால் பின்னாளில் நல்ல மருத்துவர் ஒருவர் முதலில் கேட்டவற்றுள் இதுவும் ஒன்று என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாம் முறை அது வந்த இடம் திண்டிவனம். என் சொந்த ஊர். கல்லூரிகளுக்கிடையிலான சொற்போரின் அரையிறுதிச் சுற்று ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. படியைத் தொட்டு நிமிர்ந்ததும் மீண்டும் அதே சுவிட்சு. இம்முறை கண்ணும் இருண்டது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒலிபெருக்கி என் பெயரைத் திரும்பத் திரும்ப அழைத்தது. கால் எழவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த எதிரணிப் பேச்சாளர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பயந்துட்டா, பாவம்."

பயந்துவிட்டாள் என்பதற்கு மறுப்புரை சொல்லலாம். பாவம் என்பதற்கு என்ன மறுப்புரை சொல்வது? மற்ற இருவரின் மதிப்பெண்ணால் எங்கள் அணி இறுதிச் சுற்றுக்குப் போயிற்று. இறுதியும் அதே மைதானத்தில்தான். அந்தப் படியில் மீண்டும் ஏறாமல் என் கல்லூரி வாழ்க்கை முடிந்தால், திண்டிவனத்தில் நான் சாகும்வரை பயந்தவள்தான்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. சொற்போர்களோ மாலையில்தான் நடக்கும். வெறும் வயிறுதான் காரணம் என்றார் அம்மா. கல்லூரி வாசல் கடையில் நான் குடிக்கும் டீதான் காரணம் என்றார் அப்பா. கண்ணேறு என்றார் அத்தை. அன்பழகன் நாகரிகமாக "அவைக்கூச்சம் பெரியவர்களுக்கும் உண்டு" என்றார். எல்லாக் கருத்துகளும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. பெண்ணை மேடையிலிருந்து இறக்க வேண்டும்.

திண்டிவனத்தில் எங்களுக்குப் பழக்கமான மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். நாங்கள் போன நேரத்தில் இதயம் தவம் செய்யும் முனிவரைப்போல் இருந்தது. ஈசிஜி எடுத்தார். இதயத்தில் ஓடும் சிறு மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. கருவி ஓடும் நேரத்தில் இதயம் என்ன செய்கிறதோ அதைத்தான் அது வரையும். முன்தினம் செய்ததை வரையாது. கோடு சீராக இருந்தது. தேர்வு அருகில் இருக்கிறதா என்று கேட்டார். யாரையாவது விரும்புகிறாயா என்று அப்பாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். ஒரு தடவை மேடையில்லாத இடத்திலும் வந்தது, குழாயடியில் குடம் எடுத்தபோது என்று நான் சொன்னதைக் கையசைத்து ஒதுக்கினார். நரம்புத் தளர்ச்சி என்று எழுதி, தூக்கத்துக்கு மாத்திரை தந்தார்.

அப்பாவின் முகம் தெளிந்தது. செஞ்சிப் பக்கத்து உறவில் ஒரு குடும்பம் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வீடு திரும்பும் வழியில் சொன்னார்:

"நரம்புதானாம், முடிஞ்சிது. மேடை கீடைலாம் விட்டுட்டா தானா செரியாப் பூடும். ஹார்ட்டுன்ற வார்த்த மட்டும் நம்ம வூட்ல யாரு வாய்லயும் வரக்கூடாது, சொல்லிட்டேன்."

என் நிலையை எண்ணிப் பாருங்கள். நரம்பு என்றால் மேடை போயிற்று, ஏனென்றால் நான் பயந்தவள். இதயம் என்றால் திருமணம் போயிற்று, கூடவே மேடையும் போயிற்று, ஏனென்றால் நான் நோயாளி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் பலரும் நரம்பைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் இதயத்தைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு இதய நோய் இருக்கிறது என்று மெய்ப்பிக்க முழுமூச்சாக இறங்கினேன். பொய்யான நலத்தைவிட மெய்யான நோய் மேல்.

வாய்ப்பு ரயிலில் வந்தது. காலை வண்டி விக்கிரவாண்டியைத் தாண்டியபோது சீசன் டிக்கெட் கையிலிருந்து நழுவிப் பலகைக்கு அடியில் விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தேன். ஓட்டம் தொடங்கியது. விழுப்புரத்தில் இறங்கியபோதும் நிற்கவில்லை. வகுப்புத் தோழிகள் இருவர் என்னைச் சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றி நகரத்திலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். புறநோயாளிகள் வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, கருவி இருந்த அறைக் கதவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், அது நின்றுவிட்டது. அழுகை வந்தது. நோய் நீங்கியதற்காக அழுதவள் அந்தப் பெஞ்சில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆயினும் அங்கிருந்த மருத்துவர் வேறு வகை மனிதர். நடுத்தர வயது, குறைந்த பேச்சு. எதிரில் உட்காரச் சொல்லி, "அது எப்பிடி அடிச்சிதுன்னு மேசையில தட்டிக் காட்டும்மா" என்றார். விரலால் தட்டிக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரே சீராக ஓடியதா, இடையிடையே தடுக்கியதா, மெல்லத் தொடங்கியதா, திடீரென்றா, நின்றபின் சிறுநீர் அதிகம் போயிற்றா என்று கேட்டார். நான் சொல்வது பயமா இல்லையா என்று கேட்கவில்லை. வார்டில் சேர்த்துக்கொண்டார்.

இளவயதில் நெஞ்சு படபடக்கப் பல காரணங்கள் உண்டு என்று அவர் விளக்கினார். அச்சமும் பரபரப்பும் அவற்றுள் அடக்கம். அதை அவர் மறுக்கவில்லை. டீயும் காப்பியும் செய்யும். காய்ச்சல் செய்யும். இரைப்புக்குத் தரும் சில மாத்திரைகள் செய்யும். இரத்தம் குறைந்தால், உள்ள இரத்தத்தைக் கொண்டே வேலையை முடிக்க இதயம் விரைந்து அடிக்கும். கழுத்தின் முன்புறத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தாலும் அப்படியே. சிறுவயதில் மூட்டுவீக்கத்தோடு வரும் காய்ச்சல் இதயத்தின் கதவுகளைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தாலும் படபடக்கும். எல்லாவற்றையும் ஒதுக்கியபின், இதயத்தின் மின்பாதையிலேயே கோளாறு இருக்கலாம். "ஒண்ணொண்ணா பாப்போம். எதையும் முன்னாடியே முடிவு பண்ணிக்கக் கூடாது" என்றார். நடுவர் என்றால் இவரல்லவா நடுவர் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இரத்தத்தில் குறைவு இருந்தது. விலங்குகளின் கல்லீரலிலிருந்து எடுத்த சத்து ஊசி போடலாம் என்று செவிலியர் சொன்னதும், அன்று பார்க்க வந்திருந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. "உசுரே போனாலும் அது வேணாங்க" என்றார். மருத்துவர் சிரித்துவிட்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். தைராய்டுக்காக எடுத்த இரத்தம் புதுச்சேரிக்குப் போயிற்று. மார்புப் படத்தில் இதயம் அதன் அளவிலேயே இருந்தது. மருத்துவர் காதுக்குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டதில் கதவுகள் ஒழுங்காக மூடித் திறந்தன. மூட்டுக் காய்ச்சல் வந்ததில்லை என்று அம்மா உறுதி சொன்னார். புதுச்சேரி முடிவும் குறையில்லை என்று வந்தது.

கதவு கெட்டால் எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்துக் கட்டிலில் கண்டேன். அஞ்சலை கெடார் ஊரவள், என்னைவிடச் சில ஆண்டுகள் மூத்தவள், களையெடுப்பும் நடவும் செய்து பிழைப்பவள். சிறுமியாக இருந்தபோது வந்த மூட்டுக் காய்ச்சலை யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது இதயத்தின் ஒரு கதவு சுருங்கி, படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உறங்குவாள். சென்னையில் அறுவைக்கு இடம் கேட்டு எழுதியிருந்தார்கள். வாய் மட்டும் எதற்கும் சுருங்காது.

"உனுக்குத் தறிகெட்டு ஓடுது, எனக்கு அடைச்சிக்கினு நிக்குது. ரெண்டயும் கலந்து பாதி பாதியா பிரிச்சா ரெண்டு நல்ல ஆளு தேறும்" என்பாள்.

எங்கள் உணவு வழக்கம் முதலில் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. அம்மா சமைத்ததை அப்பா திண்டிவனத்திலிருந்து பிற்பகல் வண்டியில் கொண்டுவருவார். மண்டியை விட்டு நகராத மனிதர், தூக்குச் சட்டியும் கையுமாக நாள்தோறும் வந்தார். வண்டி தாமதமானால் பொழுது சாய்ந்துவிடும். எனக்கு அன்று பட்டினி. இரண்டொரு முறை அப்படி ஆனபின் அஞ்சலை மேற்குச் சன்னலைக் கண்காணிக்கத் தொடங்கினாள். வெயில் சுவரில் ஏறியதும் தன் கேப்பைக் கூழில் ஒரு குவளையை என் பக்கம் தள்ளுவாள். "பொழுது எறங்குது, ஜல்தி குடி. ஒங்கப்பாரு வர்றப்ப வரட்டும்." அந்தக் கூழை நான் மறக்கவில்லை. அப்பாவும் மறக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

இத்தனை சோதனைக்குப் பிறகும் ஓட்டம் காகிதத்தில் சிக்கவில்லை. கருவி வரும்போதெல்லாம் இதயம் ஒழுங்காக இருந்தது. மருத்துவர் ஐயம் கொண்டிருந்தார். ஆனால் ஐயம் சான்று ஆகாது. அந்த வேளையில்தான் அன்பழகன் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலில் வைத்துவிட்டு, இறுதிச் சுற்றுக்கு எனக்குப் பதிலாக வேறொருவரைப் போடலாம் என்று மன்றம் எண்ணுவதாகச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சுமதி. பயம் இயற்கைதானே? இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

"எனக்குப் பயம்னு யாரு முடிவு பண்ணது?"

"முடிவுன்னு இல்ல. மேடை கிட்ட வந்தாதான வருது? எல்லாரும் பாத்துக்கினுதான இருந்தாங்க."

அவர் போனபின் மருத்துவரிடம் ஒரு கோரிக்கை வைத்தேன். கம்பிகளை மாட்டிவிடுங்கள், இங்கேயே பேசுகிறேன். பேச்சுதான் என் இதயத்தை ஓட்டுகிறது என்றால் அது இங்கே அகப்படட்டும். இல்லையென்றால் அந்தக் குற்றச்சாட்டு இந்த வார்டிலேயே தள்ளுபடியாகட்டும். அவர் சற்று யோசித்துவிட்டு, "பேசு, பாக்கலாம்" என்றார்.

செவிலியர் திரையை இழுத்துவிட்டு, கை கால்களில் பட்டைகளைக் கட்டி, மார்பில் குமிழ்களைப் பொருத்தி, மேலே போர்வையைச் சுற்றிவிட்டுத் திரையை விலக்கினார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, நோயாளிகளையே அவையோராகக் கொண்டு பேசினேன். சமுதாயத்தை உயர்த்துவது சட்டமா, மனமாற்றமா என்பது தலைப்பு. சட்டமே என்பது என் தரப்பு. குரலை ஏற்றினேன், தாழ்த்தினேன், எதிரணியை எள்ளினேன். பெண்கள் பக்கத்து வார்டிலிருந்தும் வந்து நின்றார்கள். மருத்துவர் என் மணிக்கட்டைப் பிடித்தபடி இடையிடையே கருவியை ஓட்டினார். பேச்சு முடிந்ததும் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்:

"கொஞ்சம் ஏறியிருக்கு. பேசுனா யாருக்கும் ஏர்ற அளவுதான். வேற ஒண்ணுமில்ல."

பேச்சு குற்றவாளி இல்லை என்று ஆயிற்று. ஆனால் உண்மைக் குற்றவாளி இன்னும் பிடிபடவில்லை. செவிலியர் கம்பிகளைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினார். அப்போதுதான் அஞ்சலை தலையணைக் குவியலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னாம்மா, பாதிக் கூத்து காட்டிட்டு துட்டு கேக்கற? படியத் தொட்டுக் கும்புட்டு துள்ளி ஏறுவேன்னு அன்னிக்கி சொன்னியே, அது எங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். வெற்றிக் களிப்பில் இருந்த நான், இதையும் பார்த்துக்கொள் என்று கட்டிலை விட்டு இறங்கினேன். கட்டிலருகே கால் வைத்து ஏறுவதற்காகப் போட்டிருந்த மரப்படியை மேடைப்படியாகக் கொண்டு ஆழமாகக் குனிந்தேன். விரல்களால் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். மன்றம் பழக்கிய அதே விசையோடு நிமிர்ந்தேன்.

சுவிட்சு விழுந்தது.

"வந்துடுச்சி" என்று மட்டும் சொன்னேன். "படு. யாரும் பேசாதீங்க" என்றார் மருத்துவர். செவிலியர் பட்டைகளை மீண்டும் கட்டினார். கருவி ஓடத் தொடங்கியது. காகிதம் நீண்டு தரையைத் தொட்டது. கூரிய முட்கள் நெருக்கமாக, ஒன்றுபோல் ஒன்று. நிமிடத்துக்கு நூற்றெண்பதுக்கு மேல் அடிக்கிறது என்றார் மருத்துவர். அந்த வேகத்திலும் என் மனம் ஒரு மூலையில் அமைதியாகக் கணக்குப் போட்டது. படி, குழாயடிக் குடம், சீசன் டிக்கெட், மீண்டும் படி. மேடை எல்லாவற்றுக்கும் பொது இல்லை. எல்லாவற்றிலும் குனிந்து நிமிர்ந்தது பொது. என்னைக் கோழையாகக் காட்டியது, துணிவைக் காட்ட நான் பழகிய அந்த நிமிர்வுதான்.

"மூச்ச உள்ள இழு. வாய மூடு, மூக்கப் பிடி. அடிவயித்துல அழுத்திக் கொடு, மலச்சிக்கல்ல முக்கற மாதிரி. விடாத" என்றார் மருத்துவர். அழுத்தினேன். காகிதத்தில் முட்கள் ஓடின, ஓடின, பின் ஓரிடத்தில் வெறுமை. அந்த வெறுமை ஒரு நொடியாவது இருந்திருக்குமா, தெரியாது. அதற்குப்பின் வந்த கோடு சீரானது. வார்டே மூச்சு விட்டது. அஞ்சலைதான் முதலில் பேசினாள். "என்னால புடிச்சீங்க. பீஸு எனக்குத்தான்."

மருத்துவர் நோயை விளக்கியபோது அப்பா தூக்குச் சட்டியோடும், அன்று அவருடன் அம்மாவும் வந்து சேர்ந்திருந்தார்கள். "விழுப்புரம் ஜங்ஷன் தெரியும் இல்ல? வண்டி நேரா தெக்க போவணும். பக்கத்துலயே சின்னதா ஒரு லூப் லைனும் இருக்குன்னு வெச்சிக்க. எப்பவாவது ஒரு வண்டி அதுல ஏறி, சுத்தி, பொறப்பட்ட எடத்துக்கே வந்துடுது. திரும்பவும் ஏறுது. ஒரு சுத்துக்கு ஒரு துடிப்பு. அதான் இந்த ஓட்டம். பொறவியிலயே இருக்கற பாத, பயத்தால வர்றதில்ல. அழுத்திப் புடிச்சா ஒரு வண்டி தாமதமாவுது, சுத்து அறுந்துடுது." இதயத்தின் உடலும் கதவும் நன்றாக இருப்பதால் உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு என்றும், நாள்தோறும் ஒரு மாத்திரை உண்டு என்றும் சொன்னார். அழுத்தியும் நிற்காவிட்டாலோ, மயக்கமோ மார்வலியோ வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். கழுத்து நரம்பை நானாக அமுக்கக் கூடாது. படிப்பவர்கள் இதைக் கவனிக்க: எனக்குச் சொன்னது எனக்கு. உங்கள் ஓட்டம் எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதைக் கருவிதான் சொல்ல வேண்டும்.

அப்பா தூக்குச் சட்டியைக் கீழே வைக்கவேயில்லை.

"இவ இனிமே மேடையேறலாங்களா?"

"ஏறலாம், பேசலாம். வெடுக்குனு குனிஞ்சி எழுந்திருக்கறது மட்டும் வேணாம். ஆனா அதுக்கும் மீறி வரும். எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது."

"மேடையிலயே வந்துட்டா?"

"அத ஒங்க பொண்ணுகிட்டயே கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். "வந்தா நிறுத்திட்டு, பேசறேன்ப்பா" என்றேன்.

"நாலு பேரு முன்னாடி மூக்கப் புடிச்சிக்கினு நிக்கப் போறியா? அதுக்கப்புறம் எவன் வருவான் ஒன்னப் பொண்ணு பாக்க?"

"மூக்கப் புடிச்சவளக் கட்டமாட்டேன்றவன் வராம இருக்கறதே நல்லது."

அம்மா என் வாயைப் பொத்த வந்தார். அப்பா கோபிக்கவில்லை. வீடு வந்த சில நாள்களுக்குப் பிறகு, இறுதிச் சுற்று நெருங்கியபோது, ஒரு நிபந்தனை வைத்தார். "பேசு. ஆனா அது வந்துச்சின்னா சத்தம் போடாம எறங்கிடணும். இன்னா ஏதுன்னு யாருக்கும் சொல்லக்கூடாது. செரியா?" நான் பதில் சொல்லவில்லை. என் மௌனத்தைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டாரா, தெரிந்தும் விட்டுவிட்டாரா, இன்றுவரை கேட்கவில்லை.

அதே வாரம் அஞ்சலைக்குச் சென்னையில் இடம் கிடைத்த செய்தி வந்தது. அவள் கணவன் மண்டிக்கு வந்து சொன்னான். அவனைச் சாப்பிட வைத்து, சென்னையில் தன் நண்பர் கடை முகவரியை எழுதிக் கொடுத்து, தங்க இடமும் சொல்லி அனுப்பினார் அப்பா. இன்று அஞ்சலை அறுவை முடிந்து, தலையணையின்றிப் படுத்து உறங்குகிறாள்.

அன்பழகனிடம் ஈசிஜி காகிதத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். என் இடம் எனக்கே என்றார். ஆனால் ஒரு கவலை அவருக்கு இருந்தது. "படியத் தொடாம ஏறுனா திமிருன்னுவாங்களே?"

"சொல்லட்டுங்க. பயம்னு சொல்றத விட அது எவ்வளவோ மேலு."

மைதானம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் எதிரணி, அதே முகங்கள். பின்னால் மண்டிக்காரர்கள், உறவினர்கள், அவர்களிடையே அப்பா. என் பெயர் அழைக்கப்பட்டது. படியை நெருங்கினேன். எனக்கு முன் ஏறிய எங்கள் அணியினர் இருவரும் குனிந்து தொட்டிருந்தார்கள். நான் குனியவில்லை. நேராகக் கால் வைத்து ஏறினேன். முணுமுணுப்பு எழுந்தது. அது என்ன சொல் என்பது எனக்குத் தெரியும். அதை மாலையாகவே ஏற்றுக்கொண்டு ஒலிவாங்கியின் முன் நின்றேன்.

குனியவில்லை, துள்ளவில்லை, டீ குடிக்கவில்லை. பொழுது சாய்வதற்கு முன் அம்மா ஊட்டாத குறையாக உண்ண வைத்திருந்தார். எல்லாவற்றையும் மீறி, வாயைத் திறக்கும் கணத்தில், அது வந்தது.

கழுத்து துள்ளியது. நேரம் ஓடத் தொடங்கிவிட்டது. நடுவரின் மேசையில் கடிகாரம் இருந்தது. அவை காத்திருந்தது. முன்வரிசையில் அதே குரல், இம்முறை பாவம் என்ற சொல் இல்லாமல், "பயந்துட்டா டோய்" என்றது. சிலர் சிரித்தார்கள். தூரத்தில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். இறங்கிவிடு என்று அவர் கை என்னை அழைத்தது. அவரைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினேன். பொறுங்கள்.

மூச்சை இழுத்தேன். வாயை மூடினேன். திண்டிவனமே பார்க்க மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அடிவயிற்றை அழுத்தினேன். நிற்கவில்லை. சிரிப்பு பெரிதாயிற்று. முதல் மணி அடித்தது. மீண்டும் இழுத்தேன், மீண்டும் அழுத்தினேன். கண்ணில் பூச்சி பறந்தது. பின் நெஞ்சுக்குள் அந்த வெறுமை, அதன்பின் ஒரு துடிப்பு, தனியாக, நிதானமாக, அதன்பின் இன்னொன்று.

மூக்கை விட்டேன். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்.

"நடுவர் அவர்களே, அவையோரே. எனக்கு இதயத்தில் ஒரு கோளாறு உண்டு. இதுவரை ஆன தாமதத்துக்கு அது பொறுப்பு. இனி வரும் சொற்களுக்கு நான் பொறுப்பு."

மண்டிக்காரர்கள் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். உறவினர்கள் பார்த்தார்கள். நின்றுகொண்டிருந்த அப்பா தோள்துண்டை எடுத்து உதறி, மீண்டும் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் பேசினேன்.